கண்ட்ராக்டரைக் கேளு

ஒரு நிறுவனம் தன் சொந்தப் பிரிவு ஒன்றை மூடிவிட்டு, அதே வேலையை வெளி நிறுவனம் ஒன்றிடம் குத்தகைக்குக் கொடுக்கிறது. வேலை போனவர்களுக்கு முறையாக நோட்டீஸ் கொடுத்தாயிற்று. சேர வேண்டிய பணமும் வங்கிக் கணக்கில் ஏறிவிட்டது. யாரும் யாரையும் திட்டவில்லை. யாருடைய பணத்தையும் யாரும் விழுங்கவில்லை. இப்போது கேள்வி இதுதான்: இங்கே ஏதாவது தவறு நடந்திருக்கிறதா?

இல்லை என்று சொல்லப் போதுமான காரணங்கள் இருக்கின்றன. ஆனால் வேலை போனவரிடம் கேட்டால் 'இருக்கு' என்றுதான் சொல்வார். என்ன தவறு என்று அடுத்த கேள்வி கேட்டால் அவருக்கு வார்த்தை வராது. "காசெல்லாம் கொடுத்துட்டாங்க... இருந்தாலும்..." என்று இழுப்பார். அந்த 'இருந்தாலும்' என்ற சொல்லுக்குள் என்ன இருக்கிறது என்று பார்ப்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன். அது வெறும் மனவருத்தம்தானா, இல்லை நியாயமான ஒரு குற்றச்சாட்டா?

நான் பொறியியலாளன். உள்ளூர்ப் பல்கலைக்கழகத்தில் இயந்திரவியல் படித்துவிட்டு ஜோகூர் பாரு பக்கம் வீட்டுச் சாதனங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். எங்கள் இடத்தில் 7 பேர் கொண்ட வடிவமைப்புப் பிரிவு ஒன்று இருந்தது. எல்லாரும் அதை 'கிரியேட்டிவ்' என்போம். பெட்டி மேல் வரும் படம், பயனர் கையேடு, பொருட்காட்சிப் பதாகை, நோன்புப் பெருநாள், சீனப் புத்தாண்டு, தீபாவளி வாழ்த்து அட்டை எல்லாம் அவர்கள் வேலை. ஒரு நாள் எச்.ஆர். கூட்டம் போட்டது. வேலை எங்கும் போகவில்லை, அதைச் செய்யும் முறை மட்டும்தான் மாறுகிறது என்று சொன்னார்கள். இரண்டு மாதத்தில் அந்த அறை பொருள் அடுக்கும் இடமாகிவிட்டது.

இது பெரிய செய்தி இல்லை. உலகம் முழுக்க நடப்பதுதான். ஆனால் சிறிதாக நடக்கும்போதுதான் அதைப் பக்கத்தில் நின்று பார்க்க முடிகிறது.

முதலில் சட்டத்தைப் பார்த்துவிடலாம். மலேசியாவில் ஆட்குறைப்பு செய்தால் எவ்வளவு கொடுக்க வேண்டும் என்பதை 1980ஆம் ஆண்டின் வேலைநீக்க நலன் விதிகள் சொல்கின்றன. 2 ஆண்டுக்குக் குறைவாக வேலை செய்திருந்தால் ஆண்டுக்கு 10 நாள் சம்பளம். 2 முதல் 5 ஆண்டுக்குள் என்றால் 15 நாள். 5 ஆண்டும் அதற்கு மேலும் என்றால் 20 நாள். 11 ஆண்டு வேலை செய்த ஒருவருக்கு 220 நாள் சம்பளம், அதாவது ஏறக்குறைய 7 மாதம். 2023 ஜனவரி முதல் வேலைவாய்ப்புச் சட்டம் எல்லா ஊழியருக்கும் பொருந்தும் என்று ஆக்கினார்கள். ஆனால் மாதம் 4,000 வெள்ளிக்கு மேல் வாங்குபவருக்கு இந்த வேலைநீக்க நலன் கட்டாயம் இல்லை. அவர் தன் ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். பல ஆண்டு இருந்து சம்பளம் ஏறியவருக்குச் சட்டத்தின் பிடிமானம் குறைவு.

நீதிமன்றம் என்ன சொல்கிறது? வில்லியம் ஜேக்ஸ் நிறுவனத்துக்கும் பாலசிங்கம் என்பவருக்கும் இடையிலான வழக்கில் 1997இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் கொடுத்த விளக்கத்தை இன்றைக்கும் எடுத்துக்காட்டுகிறார்கள். தண்டனையாக இல்லாமல், வேறு எந்தக் காரணத்துக்காகவும் மிகையான ஊழியரை விடுவிப்பதுதான் ஆட்குறைப்பு. அது நேர்மையான நோக்கத்தோடு செய்யப்பட்டதா என்பதை அந்தந்த வழக்கின் உண்மைகளை வைத்துப் பார்க்க வேண்டும்.

'மிகை' என்ற சொல்லில்தான் எனக்கு இடிக்கிறது. ரப்பர் விலை விழுந்து தோட்டம் பாதியை மூடினால் ஆள் மிகை. இயந்திரம் வந்து 10 பேர் வேலையை ஒன்றே செய்தால் ஆள் மிகை. குத்தகைக்குக் கொடுக்கும்போது வேலை அப்படியே இருக்கிறது. பெட்டிக்குப் படம் வேண்டும், கையேடு வேண்டும், தீபாவளிக்கு வாழ்த்து வேண்டும். மிகையானது ஆட்கள் மட்டும்தான். வேலை மிச்சம் இருக்கும்போது அதைச் செய்தவர் மட்டும் மிகை என்றால், அவர் செய்ததில் எது தேவைப்பட்டது, எது தேவைப்படவில்லை? அவர்களின் ஆத்திரத்துக்கு அடியில் இருப்பது இந்தக் கேள்விதான் என்று நினைக்கிறேன். "நான் செஞ்ச வேலை வேணும், நான் வேணாமா?"

இதற்கு நிறுவனத்தின் பக்கம் இருந்து ஒரு நல்ல பதில் உண்டு. ரொனால்ட் கோஸ் என்ற பொருளியலாளர் 1937இல் ஒரு கட்டுரை எழுதினார். சந்தை அவ்வளவு திறமையானது என்றால் நிறுவனம் என்ற ஒன்று எதற்கு இருக்கிறது என்று கேட்டார். ஒவ்வொரு வேலைக்கும் வெளியில் ஆள் தேடி, விலை பேசி, ஒப்பந்தம் போட்டு, சரிபார்ப்பதற்கும் செலவாகிறது. அந்தச் செலவு அதிகமாக இருக்கும் இடத்தில் ஆளைச் சம்பளத்துக்கு உள்ளே வைத்துக்கொள்வது மலிவு. அந்தச் செலவு குறைந்தால் வெளியே கொடுப்பது மலிவு. இணையம் வந்து அந்தச் செலவைக் குறைத்துவிட்டது. ஆகவே சுவர் உள்நோக்கி நகர்கிறது. இதில் யாருடைய கெட்ட எண்ணமும் இல்லை.

பொறியியலாளனாக இதை நான் மறுக்க முடியாது. 'நாமே செய்வதா, வாங்குவதா' என்பது எங்கள் அன்றாடக் கேள்வி. எங்கள் தொழிற்சாலை ஒரு திருகாணியைக்கூடத் தானே செய்வதில்லை. அளவு, உலோகம், மரை, பூச்சு எல்லாம் தாளில் எழுதிக் கொடுத்தால் எவனும் செய்து கொடுப்பான். அப்படியானால் கையேட்டுப் படமும் திருகாணியும் ஒன்றுதானே?

ஒன்றில்லை என்பதற்கு நான் பார்த்த ஒரு விஷயத்தைச் சொல்கிறேன். அந்தப் பிரிவில் இருந்த மூத்த அக்கா, குளுவாங்காரர், ஒரு புதுச் சாதனத்தைச் சுவரில் மாட்டுவது எப்படி என்று படம் வரைந்துகொண்டிருந்தார். மூன்று முறை வரைந்தும் சரியாக வரவில்லை. எங்கள் மாடிக்கு ஏறி வந்து, "தம்பி, இத என்னால படமா சொல்ல முடியல. படமா சொல்ல முடியலன்னா வாங்குறவனாலயும் மாட்ட முடியாது" என்றார். தாங்கியை எடுத்துப் பார்த்தால் இரண்டு துளையும் ஒரே மாதிரி இருந்தன. எந்தப் பக்கம் மேல் என்று கண்டுபிடிக்க வழியே இல்லை. நாங்கள் ஒரு துளையை நீளவாக்கில் மாற்றினோம். அவர் வரைய வந்த படம் எங்கள் வடிவத்தையே திருத்திவிட்டது.

திருகாணிக்கு என்ன வேண்டும் என்பதை முன்கூட்டியே எழுதிவிடலாம். இந்த வேலையில் என்ன வேண்டும் என்பதே வேலை நடக்கும்போதுதான் தெரிகிறது. இன்றைக்கு அந்தக் கையேடு வெளியில் போகிறது. ஒப்பந்தப்படி மூன்று திருத்தம் வரை தனிக் கட்டணம் இல்லை. வெளியில் இருப்பவர் திறமையானவராகவே இருக்கலாம். ஆனால் "உங்க தாங்கியே தப்பு" என்று சொல்ல அவருக்கு வழியும் இல்லை, அவசியமும் இல்லை. சொன்னால் வாடிக்கையாளர் முகம் சுளிப்பார். கொடுத்ததை வரைந்து அனுப்பிவிடுவார்.

ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் 1970இல் எழுதிய ஒரு சிறு நூலில் இதற்கான சொற்கள் இருக்கின்றன. ஓர் அமைப்பு சரியில்லாமல் போகும்போது அதில் இருப்பவர்களுக்கு இரண்டு வழி உண்டு. ஒன்று வெளியேறுவது. இன்னொன்று குரல் கொடுப்பது. விசுவாசம் என்பது வெளியேறுவதைத் தள்ளிப்போட்டுக் குரல் கொடுக்க வைக்கும் பசை. குத்தகைக்காரருக்கு வெளியேறும் வழி இருக்கிறது. குரல் இல்லை. நிறுவனம் உள்ளே ஆள் வைத்திருந்தபோது அது வாங்கியது கைவேலையை மட்டும் இல்லை, "இது சரியா வராது" என்று சொல்லும் ஒரு வாயையும்தான். கணக்கில் அந்த வாய்க்கு விலை போடவில்லை, அதனால் அதை விட்டதிலும் நட்டம் தெரியவில்லை.

கடந்த தீபாவளிக்கு வந்த பதாகையில் 'கொண்டாடுவோம்' என்ற சொல்லில் கொம்பும் காலும் எழுத்தை விட்டு விலகித் தனியாக நின்றன. வடிவமைப்பு மென்பொருளில் தென்னாசிய எழுத்துகளுக்கான அமைப்பைத் தேர்ந்தெடுக்காவிட்டால் தமிழ் இப்படித்தான் உடையும். நாட்டில் பாதிப் பதாகைகள் இப்படித்தான் தொங்குகின்றன. அந்த அக்கா இருந்தபோது எங்கள் பதாகை ஒருமுறைகூட உடைந்ததில்லை. தமிழைப் பார்ப்பது அவர் வேலைப் பட்டியலில் இல்லை. அவராகப் பார்த்தார்.

இந்த 'அவராக' என்பதுதான் முக்கியம். ஜார்ஜ் அகர்லாஃப் 1982இல் எழுதிய ஒரு கட்டுரை வேலை ஒப்பந்தம் என்பது பாதி ஒப்பந்தம், பாதி அன்பளிப்புப் பரிமாற்றம் என்கிறது. அவர் எடுத்துக்கொண்ட உதாரணம் அதற்கும் முன்னால் ஜார்ஜ் ஹோமன்ஸ் என்ற சமூகவியலாளர் ஆராய்ந்தது. ஒரு சேவை நிறுவனத்தில் வாடிக்கையாளர் கட்டிய பணத்தைப் பதிவுசெய்யும் இளம் பெண்கள். மணிக்கு 300 பதிவு செய்தால் போதும் என்பது விதி. அவர்களின் சராசரி 353. கூடுதலாகச் செய்ததற்குக் கூடுதல் சம்பளம் இல்லை. அதனால் பதவி உயர்வும் பெரிதாக வரப்போவதில்லை. பிறகு ஏன் செய்தார்கள்? அகர்லாஃப் சொல்வது, அந்த 53 அவர்கள் நிறுவனத்துக்குக் கொடுத்த அன்பளிப்பு. பதிலுக்கு நிறுவனமும் விதியில் இல்லாத ஏதோ ஒன்றைக் கொடுக்கும் என்ற எதிர்பார்ப்பு அதில் இருக்கிறது. கொஞ்சம் நல்ல சம்பளம், கொஞ்சம் தாராளம், நம்மில் ஒருவர் என்ற மதிப்பு.

இதைப் படித்த பிறகுதான் அந்த 'இருந்தாலும்' எனக்குப் புரிந்தது. நட்டஈடு 300க்குக் கணக்கு முடிக்கிறது. 353இல் இருக்கும் அந்த 53க்கு யாரும் கணக்கு முடிக்கவில்லை. முடிக்கவும் முடியாது, ஏனென்றால் அது விற்கப்பட்டதே இல்லை. அந்த அக்கா பார்த்த தமிழ், மாடி ஏறி வந்து சொன்ன தாங்கி எல்லாம் அந்த 53இல் சேர்ந்தவை. பணம் வந்த பிறகும் கோபம் அடங்காததற்குக் காரணம் பேராசை இல்லை. அன்பளிப்பை வாங்கி வைத்துக்கொண்டு, கணக்கு என்று வரும்போது மட்டும் "நமக்குள் ஒப்பந்தம்தானே" என்று சொல்வது உறவின் விதியைப் பாதியில் மாற்றுவது.

இங்கே ஒருவர் குறுக்கிட்டுச் சொல்லலாம்: "யார் கொடுக்கச் சொன்னது? அவங்களா கொடுத்தாங்க." இல்லை, கேட்டார்கள். ஆண்டு இறுதி விருந்தில் மேடை ஏறி "நாமெல்லாம் ஒரு குடும்பம்" என்று சொல்வது அந்த 53ஐக் கேட்பதுதான். இரவு 10 மணிக்கு வாட்ஸ்ஆப்பில் "சின்ன வேலைதான், பார்க்க முடியுமா?" என்று அனுப்புவதும் அதுதான். குடும்பம் என்று சொல்லிக் கேட்டுவிட்டு, கணக்குப் புத்தகத்தைக் காட்டி அனுப்பினால் அங்கே ஒரு தவறு நடந்திருக்கிறது. சட்டத்தில் அதற்குப் பிரிவு இல்லாமல் இருக்கலாம்.

இதையெல்லாம் தொழிற்சாலை உணவகத்தில் பேசிக்கொண்டிருந்தோம். மேசை துடைக்க வந்த அக்கா கேட்டுக்கொண்டே துடைத்தார். அவர் 9 ஆண்டாக அதே கட்டடத்தில் வேலை செய்கிறார். அந்த 9 ஆண்டில் அவர் சட்டையில் இருக்கும் நிறுவனத்தின் பெயர் மூன்று முறை மாறியிருக்கிறது. "உங்களுக்கு இப்பதான் தெரியுதா தம்பி?" என்றார். குத்தல் எதுவும் இல்லை அந்தக் குரலில். உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேட்டார்.

எங்கள் ஆட்களுக்கு இது புதிதே இல்லை. நான் பெக்கோக்காரன். லாபிசுக்கும் பாலோவுக்கும் நடுவில் ரயில் நிற்கும் ஊர். எண்டாவ் ரொம்பின் காட்டுக்குச் சிலாய் வழியாகப் போகிறவர்கள் கடந்து போகும் ஊர். சுற்றிலும் முன்பு பால்மரம், இப்போது செம்பனை. தாத்தா தோட்டத்தில் நேரடியாகப் பேர் பதிந்த ஆள். விடியற்காலை பெரட்டில் பேர் கூப்பிடுவார்கள். அப்பா காலத்தில் அதே தோட்டத்தில் குலை வெட்டும் வேலை கண்ட்ராக்டர் கைக்குப் போய்விட்டது. ஒரு மாதம் குலைக்கணக்கு குறைந்திருக்கிறது என்று அப்பா ஆபீசுக்குப் போனால் கிராணி சொல்வது, "உன் கண்ட்ராக்டரைக் கேளு." கண்ட்ராக்டரைக் கேட்டால், "கம்பெனி குடுத்தாத்தானே நான் குடுக்க முடியும்?" இரண்டு பதிலும் பொய் இல்லை. ஆனால் இரண்டுக்கும் நடுவில் கேள்வி விழுந்து காணாமல் போனது.

தாத்தா காலம் பொற்காலம் என்று நான் சொல்லவில்லை. துரை பங்களா ஒரு உலகம், லயம் இன்னொரு உலகம். இன்னும் பின்னால் போனால் அங்கேயும் ஒரு கண்ட்ராக்டர் நிற்கிறார். அவருக்குக் கங்காணி என்று பெயர். ஊருக்குப் போய் ஆள் கூட்டிவந்து, தன் ஆட்களில் எத்தனை பேர் அன்றைக்கு வேலைக்கு இறங்கினார்களோ அத்தனை பேருக்கும் தலைக்காசு வாங்கினார். 1938இல் இந்திய அரசு மலாயாவுக்கு ஆள் அனுப்புவதைத் தடைசெய்த பிறகு அந்த ஆள்பிடிப்பு முடிவுக்கு வந்தது. 1954இல் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம், 1955இல் வேலைவாய்ப்புச் சட்டம். முதலாளி இவர்தான், புகார் இவரிடம்தான் என்று சொல்லக்கூடிய ஒரு காலம் வந்தது. 1970களிலிருந்து தோட்டங்கள் மறுபடியும் கண்ட்ராக்டரிடம் போகத் தொடங்கின. கணக்குப் போட்டால், நேரடி வேலை என்பதுதான் நம் வரலாற்றில் இடையில் வந்துபோன ஒரு குறுகிய காலம்.

இந்த ஓட்டை சட்டத்துக்குத் தெரியாமல் இல்லை. கண்ட்ராக்டர் சம்பளம் கொடுக்காவிட்டால் வேலையைக் குத்தகைக்கு விட்ட தலைமை நிறுவனமும் மூன்று மாதச் சம்பளம் வரை பொறுப்பு என்று 1955 சட்டத்தின் 33ஆம் பிரிவு சொல்கிறது. அதாவது, பொறுப்பை முழுதாகக் கைமாற்றிவிட முடியாது என்பது சட்டத்துக்கே தோன்றியிருக்கிறது. ஆனால் 2012இல் வந்த திருத்தம் 'தொழிலாளர் விநியோகக் குத்தகையாளர்' என்ற ஒரு புது ஆளைச் சட்டத்துக்குள் கொண்டுவந்தது. மலேசியத் தொழிற்சங்கக் காங்கிரஸ் அதை எதிர்த்துத் தெருவில் இறங்கியது. முதலாளி யார் என்பது இனி மங்கலாகிவிடும் என்பதுதான் அவர்களின் வாதம்.

அது வெறும் பயம் இல்லை. 1997 தொடக்கத்தில் அரசு மருத்துவமனைகளின் துப்புரவு, சலவை, மருத்துவக் கழிவு, கட்டடப் பராமரிப்பு, கருவிப் பராமரிப்பு ஆகிய 5 சேவைகள் தனியாருக்குப் போயின. அரசுப் பள்ளிகளில் கூட்டுபவரும் காவலாளியும் இன்று குத்தகை ஆட்கள். அவர்களில் நம் பெண்கள் நிறையப் பேர். சில ஆண்டுக்கு ஒருமுறை டெண்டர் மாறும். அதே பள்ளி, அதே துடைப்பம், அதே ஆள். ஆனால் புது நிறுவனத்தில் அவர் 'புதிய ஊழியர்'. விடுமுறை நாள்கள் மறுபடியும் கீழிருந்து தொடங்கும். 15 ஆண்டு வேலை செய்தவருக்கு 15 ஆண்டு அனுபவம் எந்தத் தாளிலும் இல்லை. ஜே.பி.கே.கே. என்ற அரசுக் குத்தகைத் தொழிலாளர் கூட்டமைப்பு பல ஆண்டாகச் சொல்லிக்கொண்டிருப்பது இதைத்தான். 2020 ஜூன் 2ஆம் தேதி, கோவிட் நேரத்தில், ஈப்போ ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனைக்கு வெளியே மருத்துவமனைத் துப்புரவுத் தொழிலாளர்களுக்காக மறியலில் நின்ற 5 பேர் கைது செய்யப்பட்டார்கள். அதே மாதங்களில்தான் நாடே முன்னணிப் பணியாளர்களுக்குக் கைதட்டிக்கொண்டிருந்தது.

இந்த வரிசையில் கடைசியாக வந்து நிற்பவர்கள் தான் கணினி முன்னால் உட்கார்ந்து வேலை செய்கிறவர்கள். துடைப்பம் பிடிப்பவரை வெளியே அனுப்பியபோது அது 'முக்கியமில்லாத வேலை' என்று ஒரு விளக்கம் இருந்தது. நம் வேலை படித்தவன் வேலை, மூளை வேலை, அது வேறு என்று ஒரு நம்பிக்கையும் இருந்தது. அந்த விளக்கம் பொய் என்று இப்போது தெரிகிறது. எந்த வேலை முக்கியம் என்பதை வேலையின் தன்மை முடிவு செய்வதில்லை. சுவர் எங்கே நிற்கிறது என்பதுதான் முடிவு செய்கிறது.

இதுவரை சொன்னதை ஒருவர் எளிதாகத் தப்பான பக்கம் கொண்டுபோகலாம். "வெளியாள் வந்து நம்ம சோத்துல கை வச்சிட்டான்" என்று. தோட்டத்தில் இந்தோனேசியரும் வங்காளதேசியரும் வந்தபோது நம் ஆட்கள் இதைத்தான் சொன்னார்கள். எங்கள் கிரியேட்டிவ் அறை மூடப்பட்டபோதும் யாரோ சொன்னார்கள்.

இதற்கு நான் சென்னையையும் புதுச்சேரியையும் பதிலாகச் சொல்வேன். ஆக்ஸ்ஃபோர்ட் பல்கலைக்கழகப் பதிப்பகம் தன் சொந்த அச்சகத்தை 1989இல் மூடியது. பல தலைமுறையாக அப்பா, மகன், பேரன் என்று அங்கே வேலை செய்த குடும்பங்கள் இருந்தன. அடுத்த ஆண்டுகளில் ஐரோப்பிய, அமெரிக்கப் பதிப்பகங்களின் அச்சுக்கோப்பு, பக்க வடிவமைப்பு, பிழைதிருத்தம் ஆகிய வேலைகளில் பெரும் பங்கு சென்னைக்கும் புதுச்சேரிக்கும் வந்து சேர்ந்தது. இன்று உலகின் அறிவியல் ஆய்விதழ்களில் ஒன்றைத் திறந்தால் அதன் பக்கத்தைக் கட்டியது ஒரு தமிழ்க் கையாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. அங்கே ஓர் அறை மூடியதற்கும் இங்கே ஓர் அறை திறந்ததற்கும் நேர்க்கோடு போட முடியாதுதான். ஆனாலும் இந்த வேலை இல்லையென்றால் எத்தனை முதல் தலைமுறைப் பட்டதாரிகள் எங்கே நின்றிருப்பார்கள்? அவர்களிடம் போய் "நீ இன்னொருவன் சோற்றை எடுத்தாய்" என்று சொல்ல என்னால் முடியாது. நாமே மலாயாவுக்கு வந்தது மலிவான கை என்பதால்தான்.

ஆகவே குற்றச்சாட்டு வேலையை வாங்கியவர் மேல் இல்லை. வேலை ஒருவருக்கு எழுதிக் கொடுத்த சொத்தும் இல்லை. ஒரு நிறுவனம் உண்மையிலேயே மூழ்கிக்கொண்டிருக்கிறது, 7 பேரை விட்டால் 70 பேர் பிழைப்பார்கள் என்றால், அந்த முடிவு சரியாகவே இருக்கலாம். 1924இல் தொடங்கிய தமிழ் நேசன் 2019இல் நின்றபோது அங்கே யாருக்கும் வேலை மிஞ்சவில்லை. எதையும் மாற்றக் கூடாது என்பது அறம் ஆகாது.

என் குற்றச்சாட்டு வேறு. குத்தகை என்பது வேலையை மட்டும் கைமாற்றுவதில்லை. பதில் சொல்லும் கடமையையும் சேர்த்துக் கைமாற்றப் பார்க்கிறது. கங்காணி முதல் இன்றைய ஏஜென்சி வரை அதன் உண்மையான லாபத்தில் ஒரு பங்கு அங்கிருந்துதான் வருகிறது. "கண்ட்ராக்டரைக் கேளு" என்று சொல்ல முடிவதில் ஒரு வசதி இருக்கிறது, அதற்குப் பண மதிப்பும் இருக்கிறது. வேலையை யாரிடமும் கொடுக்கலாம். ஆனால் என் பெட்டி மேல் இருக்கும் படத்தை வரைந்தவருக்குச் சம்பளம் போனதா, என் கழிவறையைக் கழுவியவருக்கு விடுமுறை கிடைத்ததா என்ற கேள்விக்கு "எனக்குத் தெரியாது" என்று சொல்லும் உரிமையை யாரும் காசு கொடுத்து வாங்க முடியாது. அப்படி வாங்கியதாக நடந்துகொள்வதுதான் தவறு.

இப்படிப் பார்த்தால் நிறுவனம் செய்ய வேண்டியவை ரொம்பப் பெரியவை இல்லை. முடிவெடுக்கும் முன்பே அந்தப் பிரிவைக் கூப்பிட்டுக் கணக்கைக் காட்டலாம். இவ்வளவு குறைக்க வேண்டும், வேறு வழி தெரிந்தால் சொல்லுங்கள் என்று கேட்கலாம். 353 கொடுத்தவர்களிடம் 300க்கான சட்டத்தை மட்டும் காட்டாமல், 4,000 வெள்ளிக் கோட்டைத் தாண்டியவருக்கும் அதே கணக்கில் கொடுக்கலாம். வடிவமைப்பாளர் தான் செய்த வேலைகளைத் தன் பெயரில் அடுத்த இடத்தில் காட்ட அனுமதிக்கலாம். அந்த அக்கா 11 ஆண்டு வேலையைக் காட்ட முடியாமல் நேர்காணலுக்குப் போனார், கோப்புகள் எல்லாம் நிறுவனத்தின் சொத்து என்பதால். எந்தக் குத்தகை எடுத்தாலும், அங்கே வேலை செய்பவரின் சேவை ஆண்டு தொடர வேண்டும் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்க்கலாம். பெரிய செலவு எதிலும் இல்லை. செய்யாததற்குக் காரணம் பணம் மட்டும் என்று நம்புவது கடினம்.

தொழிலாளர் பக்கம் என்ன? என் வயதுக்காரர்கள் இதிலிருந்து எடுத்துக்கொள்ளும் பாடம் எனக்குத் தெரியும். "300 கேட்டா 300 குடு, அவ்ளோதான் லா." கோபத்தில் இது நியாயமாகத்தான் படுகிறது. ஆனால் அந்த அக்கா வேலையின் கடைசி இரண்டு மாதத்தில் ஒப்படைப்புக் கோப்பு ஒன்று தயாரித்தார். எந்த நிற எண் அச்சில் கறுத்துப்போகும், எந்தக் கையேட்டில் எந்தப் பக்கம் அடிக்கடி குழப்பும், தமிழ் வரும் இடங்களில் மென்பொருளில் எதை மாற்ற வேண்டும் என்று எல்லாம் எழுதினார். எதற்கு இவ்வளவு என்று கேட்டேன். "வரப்போறவன் என்ன பாவம் பண்ணான்?" என்றார்.

தீபாவளிப் பதாகை உடைந்து வந்ததைப் பார்த்தால் அந்தக் கோப்பை யாரும் திறக்கவில்லை. ஆனாலும் அவர் சொன்னதில் ஒரு திசை இருக்கிறது. அந்த 53ஐ நிறுவனத்துக்குக் கொடுத்தோம் என்று நினைத்தால் ஏமாந்ததாகத்தான் தோன்றும். வேலைக்கும் பக்கத்தில் இருப்பவருக்கும் அடுத்து வருபவருக்கும் கொடுத்தோம் என்றால் அதை யாரும் மூட முடியாது. இதைச் சொல்லி நிறுவனத்தை விட்டுவிடச் சொல்லவில்லை. பதில் கேட்பதை நிறுத்தவும் வேண்டாம். ஆனால் கேட்கும்போது 7 பேருக்காக மட்டும் கேட்டால் அது சலுகை கேட்பதாக முடிந்துவிடும். அதே கட்டடத்தில் நான்காவது நிறுவனத்தின் சட்டையைப் போட்டுக்கொண்டு மேசை துடைப்பவரையும் சேர்த்துக் கேட்டால்தான் அது நியாயம் கேட்பது. அவருடைய சம்பளச் சீட்டில் யார் பெயர் இருக்கிறது என்று தெரிந்துகொள்வதில் இருந்து அதைத் தொடங்கலாம்.